தகரமா, பாலிகார்பனேட்டா? பூனைக் கூண்டின் கூரை பற்றிச் சில கேள்விகள்

சிங்கப்பூரில், அடுக்குமாடி அல்லாத தரைவீடுகளுக்குக் கூரை போட்டுக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் கார் நிற்கும் இடத்துக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும்தான் கூப்பிடுவார்கள். இப்போது பூனை வெளியே காற்று வாங்க வீட்டை ஒட்டிக் கட்டும் வலைக் கூண்டுக்கும் கூப்பிடுகிறார்கள். என் வீட்டிலும் இரண்டு இருப்பதால் ஆர்வமாகவே போகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் வட்டாரம்.

வீட்டின் பின்புறம் 3 மீட்டருக்கு 2 மீட்டரில் கூண்டு கட்டுகிறோம். தகரம் போதும் என்கிறார் கணவர். பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் கெட்டி பிளாஸ்டிக் ஷீட்) போட்டால்தான் வெளிச்சம் வரும் என்கிறாள் மகள். யார் சொல்வது சரி? (ஈசூன்)

இரண்டு பேருமே பூனை எங்கே உட்காரும் என்று யோசிக்கவில்லை. கூண்டுக்குள் நான்கு பலகை அடித்தால், பூனைக்குப் பிடித்தது மேல் பலகைதான். அது கூரைக்கு ஓரடி கீழே இருக்கும். அதனால் தரையில் நின்றுகொண்டு சூடு பார்க்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் தகரக் கூரை இருந்தால், பிற்பகல் இரண்டு மணிக்கு ஏணியில் ஏறி, தகரத்துக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். தொடாமலே சுடும். பூனையின் முதுகுக்கு நாள் முழுக்க அதுதான் கிடைக்கும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில் இறங்குவதால், பக்கத்துச் சுவரின் நிழலை நம்ப முடியாது. முழு வெயிலையும் கூரைதான் வாங்கும். ஆகவே நான் முதலில் பார்ப்பது சூட்டை. மழை இரண்டாவது. வெளிச்சம் அதற்கும் பிறகு.

இந்த அளவுக் கூண்டுக்கு இரண்டு வழி சொல்வேன். கை தாராளம் என்றால், இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்து வரும் ஷீட். அடியில் கை வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும், மழைச் சத்தமும் அடங்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால், உள்ளே அறை அறையாக இருக்கும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், 10 மில்லிமீட்டர் தடிப்பில். ஆனால் பால் வெள்ளை நிறத்தில் மட்டும் வாங்குங்கள். கண்ணாடி போன்ற தெளிவான ஷீட் போட்டால் உள்ளே புழுங்கித் தள்ளும். பழுப்பு நிறத்தைப் பார்த்து ‘குளுமையா இருக்கும்’ என்று பலர் ஏமாறுகிறார்கள். அது வெயிலைக் குடித்துத் தானே சூடேறும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். பாலிகார்பனேட்டில் இன்னொரு நன்மை, புற ஊதாக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். வெள்ளைக் காது உள்ள பூனைகளுக்குக் காது நுனியில் வெயிலால் தோல் புற்று வருவதுண்டு. அந்த வீடுகளில் இதற்காகவே இதைப் போடச் சொல்வேன்.

எந்த ஷீட்டானாலும் கூண்டு முழுவதையும் மூடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஷீட், மிச்சத்துக்குக் கம்பிவலை. அந்த மூலையில் பூனை காலை வெயில் காயும், சூடும் மேலே வெளியேறும். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு அதையும் வலையால் அடையுங்கள். ஷீட்டை விளிம்பிலிருந்து ஓரடி வெளியே நீட்டி விடுங்கள். இங்கே மழை நேராக எங்கே பெய்கிறது? பலகையை நனைப்பது தூவானம்தான்.

பாலிகார்பனேட் போட்டு இரண்டே வருடம். மஞ்சளாகி, ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் வெடித்துவிட்டது. போலிச் சரக்கா? (பாசிர் ரிஸ்)

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது தலைகீழாகப் போட்டதை. பல ஷீட்டுகளில் வெயில் தாங்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை முதலில் உரித்துவிட்டால் எந்தப் பக்கம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. என் சொந்த வீட்டில் அப்படித்தான் செய்தேன். பக்கத்துத் தெருவுக்கெல்லாம் கூரை போடுகிறவன், மழை வரப்போகிறதே என்ற அவசரத்தில் மூன்று ஷீட்டையும் உரித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதில் இரண்டு தலைகீழ். ஒன்று மட்டும் இன்றும் வெள்ளையாக இருக்கிறது, மற்ற இரண்டும் பழைய பல்செட் நிறம். இப்போதெல்லாம் உரிப்பதற்கு முன் மேல்பக்கத்து மூலையில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன்.

வெடிப்புக்குக் காரணம் வேறு. பாலிகார்பனேட் சூட்டில் நன்றாகவே நீளும். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 0.065 மில்லிமீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் விடியற்காலை மழைக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே ஷீட்டின் சூடு 30 டிகிரி மாறினால், 3 மீட்டர் ஷீட் 6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். துளையை ஸ்க்ரூவின் அளவுக்கே போட்டு இறுக்கினால் அது எங்கே போகும்? ஸ்க்ரூவைவிட மூன்று மில்லிமீட்டராவது பெரிய துளை போட்டு, அகலமான ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வாஷர் வைத்து, வாஷர் நசுங்காத அளவுக்கு முடுக்குங்கள். சாதாரண பிவிசி வாஷரில் உள்ள மென்மையாக்கி ஷீட்டையே அரித்துவிடும். புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிகோன் பசையும் வேண்டாம், ‘நியூட்ரல்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகப் போடும்போது உள்ளறைகள் சரிவு ஓடும் திசையில் இருக்க வேண்டும், குறுக்கே அல்ல. மேல் விளிம்பை அலுமினிய டேப்பால் முழுவதும் அடைத்துவிடுங்கள். கீழ் விளிம்புக்குக் காற்று போகும் டேப். அப்போதுதான் உள்ளே கோத்த ஈரம் இறங்கும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் பச்சைப் பாசிக் கோடுகள்.

மழை வந்தால் தகரச் சத்தத்தில் பூனை வீட்டுக்குள் ஓடிவிடுகிறது. (சிராங்கூன் கார்டன்ஸ்)

ஓடட்டுமே, வழி இருக்கிறது அல்லவா? கீச்சு ஒலியில் நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு 85 வரை எட்டும். நமக்கே பேச்சு கேட்காத இடத்தில் அது ஏன் உட்காரப் போகிறது? தகரத்தின் மேலேயே, நடுவில் ஃபோம் வைத்த ஷீட் ஒன்றைப் போடலாம். அடியில் வெறும் ஃபோம் ஒட்டுவது மட்டும் வேண்டாம். நகத்துக்கு எட்டினால் பிய்க்கும், பிய்த்ததை விழுங்கும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அதன்மேல் மெல்லிய பலகை அடித்து மூடுங்கள்.

கூரை தட்டையாக இருந்தால் அழகாக இருக்கிறது. சரிவு கட்டாயமா? (புக்கிட் தீமா)

கட்டாயம். ஒரு மீட்டருக்குக் குறைந்தது 9 சென்டிமீட்டர் இறக்கம். நான் 10 வைப்பேன், கணக்கும் சுலபம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. தட்டைக் கூரையில் இலை தேங்கும், இலைக்கடியில் தண்ணீர், தண்ணீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு. வீட்டில் கொசுப்புழு கண்டால் முதல் தடவையே 200 வெள்ளி அபராதம். அதே காரணத்துக்காக இவ்வளவு சின்னக் கூரைக்கு விளிம்பில் மழைநீர் வடிகால் வைக்க மாட்டேன். தண்ணீர் நேரே உங்கள் செடியில் விழட்டும். அண்டை வீட்டுப் பக்கம் சரித்துவிடாதீர்கள், சண்டை நிச்சயம்.

தூண், கூரை என்று போவதற்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமும் கட்டட, கட்டுமான ஆணையத்திடமும் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். மதிற்சுவரை ஒட்டிய கூரை என்றால் கண்டிப்பாக. அனுமதி இல்லாமல் கூரையைக் கட்டி முடித்து, பிறகு பிரித்த இரண்டு வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தாழ்வாரத்தில் சின்னக் கூண்டு, மேலே ஒரு தகரம். முடியுமா? (தெம்பனிஸ்)

முடியாது. தாழ்வாரம் பொது இடம். ஆபத்து நேரத்தில் ஓடும் வழியும் அதுதான். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆனது, உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். ஆனால் அந்த அனுமதி வீட்டுக்குள் வளர்க்கத்தான். உங்களுக்கு வேண்டியது கூரையல்ல, சன்னலுக்கும் கதவுக்கும் வலை. பூனை மாடியிலிருந்து விழும் என்ற பயம் வீண் பயமில்லை. அதற்குச் செலவு செய்யுங்கள்.

அத்தாப்புக் கூரை (ஓலைக் கூரை) போட்டால் அந்தக் காலக் கம்பத்து (கிராமத்து) வீடு மாதிரி இருக்குமே? (அப்பர் தாம்சன்)

இருக்கும். குளுமையில் அதற்கு ஈடு எதுவுமில்லை, சத்தமும் இல்லை. ஆனால் பூச்சியும் பல்லியும் குடியேறும், அதைப் பிடிக்கப் பூனை கூரையையே பிரிக்கும். ஆசைக்குப் பாலிகார்பனேட்டின் மேல் ஒரு வரிசை வேயுங்கள்.

வீட்டுக் கொல்லையில் பழைய அலைவடிவ சிமெண்டு ஷீட் நான்கு கிடக்கிறது. உபயோகப்படுத்தலாமா? (ஜாலான் காயு)

தொடாதீர்கள். வெட்டவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம். 1991-க்கு முன் கட்டிய வீட்டில் கிடக்கும் அந்த வகை ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அதை அகற்றுவதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

பாசி பிடித்த கூரையையும் கட்டையையும் பினாயில் போட்டுக் கழுவலாமா? (காத்திப்)

வேண்டாம். பீனால் வகையைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. கழுவிய இடத்தில் நடந்து, பாதத்தை நக்கினாலே போதும். பாத்திரம் கழுவும் சோப்பும் மெல்லிய துணியும் எடுங்கள். பாலிகார்பனேட்டுக்கும் அதுதான் நல்லது, தின்னர் பட்டால் ஷீட் வெடிக்கும். கொசு மருந்து அடிக்கும் நாளில் பூனையை உள்ளே வையுங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் பூனைக்கு விஷம்.

பக்கத்துக் கால்வாயில் மலைப்பாம்பு பார்த்தோம். சுவர் மட்டும் வலையாக இருந்தால் போதாதா, மேலே எதற்கு? (சிலேத்தார்)

மேலேயும் வேண்டும். இங்குள்ள ராஜ மலைப்பாம்பு மரமும் மதிலும் ஏறும், பூனையைப் பிடிக்கவும் செய்யும். கோழிக்கூண்டுக்குக் கட்டும் மெல்லிய அறுகோண வலை வேண்டாம், துருப்பிடித்தால் கையாலேயே கிழியும். பற்றவைத்த கம்பிவலையை அரை அங்குலக் கண்ணில் வாங்கி, ஷீட் முடியும் இடத்தில் நான்கு விரற்கடை உள்ளே ஏற்றி அடியுங்கள். ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவேதான் எல்லாரும் இடம் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் கதவின் அடிப்பக்கம்: உங்கள் கட்டைவிரல் உள்ளே போனால் ஒரு அலுமினியப் பட்டி வாங்கி அடியுங்கள்.