பெயரில்லாத டப்பாக் கிறீமை விட்டுவிட்டேன், இனி எதை மாற்றுவது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். பார்லரில் கலந்து கொடுத்த, பெயரும் லேபலும் இல்லாத வெள்ளைக் கிறீமை மூன்று மாதம் பூசினாராம், முகம் பளிச்சென்று வந்ததாம். பயந்துபோய் நிறுத்தியதும் ஒரு கிழமைக்குள் முகம் சிவந்து, எரிந்து, பருவும் கிளம்பிவிட்டது. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. கண்மை முதல் சம்பூ வரைக்கும் எல்லாவற்றையும் 'இயற்கை' என்று போட்டிருப்பதாக மாற்ற வேண்டும், எதில் தொடங்குவது, சம்பளத்துக்குள் அடங்குமா என்று கேட்கிறார்.

தங்கச்சி, எல்லாவற்றையும் மாற்றத் தேவையே இல்லை. உங்கள் வீட்டில் உண்மையிலேயே ஆபத்தான சாமான் அந்த டப்பா ஒன்றுதான். முகம் எவ்வளவு எரிந்தாலும் அதைத் திரும்பத் தொடாதீர்கள்.

இப்படிக் கலந்து விற்கிற கிறீம்களில் பெரும்பாலும் அகப்படுவது இரண்டு பொருட்கள். ஒன்று ஸ்டீரொயிட், குளோபெட்டாசோல், பெட்டாமெத்தசோன் மாதிரி. இவை தோல் வைத்தியர் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சின்ன இரத்தக் குழாய்கள் வெளியில் தெரிந்து, கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் இப்போது உங்களுக்கு வந்திருக்கிற அதே சிவப்பும் எரிச்சலும்தான். 'கிறீமை விட்டதால் வந்த வருத்தம், திரும்பப் பூசினால் மாறும்' என்று பலரும் அதற்கே போய்விடுவது இந்த இடத்தில்தான். பூசினால் மாறும், உண்மைதான், ஆனால் அடுத்த முறை நிறுத்தும்போது இன்னும் மோசமாக வரும். இது அடங்குவதற்குக் கிழமைக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம். அதனால் தனியாகச் சமாளிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், அரசாங்க வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை.

மற்றது பாதரசம். தோலில் நிறம் உண்டாவதையே அது தடுக்கிறது, அதுதான் அந்தப் பளிச். ஆனால் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சலம் நுரைத்துப் போவது, கால் வீங்குவது, கை நடுங்குவது, நித்திரை வராதது, இதில் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, சலத்தில் பாதரசம் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். பாதரசம் ஆவியாகிற சாமான், பூசாத ஆளையும் விடாது. முகத்தோடு ஒட்டிப் படுக்கிற பிள்ளை, நீங்கள் துடைத்த துவாய், தலையணை உறை எல்லாவற்றுக்கும் போயிருக்கலாம். அவற்றைப் பிள்ளையின் உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ அதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

டப்பாவை முற்றத்துக் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிடாதீர்கள், பாதரசம் அப்படியே புகையாக வரும். வாவியிலோ கானிலோ கொட்டவும் வேண்டாம். இரண்டு பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, பிள்ளைக்கு எட்டாமல் வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்கலாம்.

லேபல் உள்ள வெள்ளையாக்கும் கிறீம் என்றாலும் கவனம். மத்திய கிழக்கிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பதில், கலமெல், மெர்குரிக், சின்னபார் என்ற சொற்கள் இருந்தாலோ, 'தங்கம், வெள்ளி நகையில் படவிடாதீர்கள்' என்று எச்சரிக்கை இருந்தாலோ அது பாதரசம்தான். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் முற்றாக ஒழிப்பதென்று, பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன, இலங்கையும் அதில் ஒரு நாடு. தடை வேறு, கடையில் கிடைப்பது வேறு.

அடுத்தது கண்ணுக்கு இடுகிற சுருமாவும் கறுப்பு மருதோண்டியும். கல்லை அரைத்துச் செய்கிற பழைய சுருமாவில் ஈய சல்பைட் இருக்கும், பிள்ளையின் கண்ணுக்கு அது வேண்டவே வேண்டாம். பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் போடுகிற மருதோண்டிக் கோன் ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கறுப்பாகப் பிடித்தால் அதில் தலைச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனம் இருக்கும். உண்மையான மருதோண்டி முதலில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், பிறகு ஓரிரு நாளில் கடுக்கும். பிபிடிக்கு ஒருமுறை அலர்ஜி வந்தால் அது ஆயுளுக்கும் நிற்கும், நரைக்குச் சாயம் பூசுகிற வயதில் முகமே வீங்கும்.

சரி, பாரபென், கிறீமும் சம்பூவும் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கிற பாதுகாப்பி. அதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், எனக்கோ அதில் பெரிய கவலை இல்லை. மெதில்பாரபென் ஐரோப்பாவில் இன்றைக்கும் அளவோடு அனுமதிக்கப்பட்ட பாதுகாப்பி. 'பாரபென் இல்லை' என்று விற்பதற்காகச் சிலர் அந்த இடத்தில் மெதில்ஐசோதியாசோலினோனைச் சேர்த்தார்கள், அது பாரபெனைவிடக் கூடுதலான பேருக்கு அலர்ஜியைக் கொடுத்து, பூசி அப்படியே விடுகிற கிறீம்களில் 2017 முதல் ஐரோப்பாவில் தடையானது. நீங்கள் வாங்கும் கிறீமில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'இயற்கை' என்ற சொல்லும் எந்த உத்தரவாதமும் இல்லை. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பாதுகாப்பி போடாத கற்றாழைப் பூச்சு நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்போதைக்கு முகத்துக்கு மூன்றே சாமான் போதும்: வாசனை இல்லாத மென்மையான சவர்க்காரம், ஈரம் காய முன் மெல்லிசாக வாசலின், அப்புறம் சன்ஸ்கிறீன். வாசலின் மலிவு, அலர்ஜி மிகமிகக் குறைவு. பரு கூடினால் மட்டும் வைத்தியரிடம் கேட்டு மாற்றலாம். செலவழிப்பதென்றால் சன்ஸ்கிறீனுக்குச் செலவழியுங்கள். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், சிங்க் ஒக்சைட் உள்ளது, முடிந்தால் தோல் நிறத்தில் வருகிறது, அதிலுள்ள இரும்பு ஒக்சைட் மங்கு கூடாமல் தடுக்கும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், ஸ்கூட்டியில் போகும்போது சோலால் முகத்தை மூடுங்கள்.

லிப்ஸ்டிக், பவுடர், சம்பூ இருக்கிறது இருக்கட்டும், முடிந்ததும் மாற்றலாம். முகம் ஆறும்வரை மேக்கப்பை மட்டும் தள்ளி வையுங்கள். அதற்குப் பிறகு எதைப் புதிதாக வாங்கினாலும் முழங்கையின் உட்பக்கத்தில் காலையும் மாலையும் ஒரு கிழமை பூசிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் முகத்துக்கு எடுக்கலாம், ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும்.