இரண்டாம் உலகப் போர்ல இந்திய மைன்ஸ்வீப்பர் கப்பல் எதாவது நேரடியா சண்டை போட்டிருக்கா?

போட்டிருக்கு, எச்எம்ஐஎஸ் பெங்கால். சிட்னியில ராயல் இந்தியன் நேவிக்காக கட்டுனது, 1942-ல சேவைக்கு வந்துச்சு. கடல்ல போட்ட கண்ணிவெடிய எடுக்கறதுதான் இந்த ரகத்தோட முக்கிய வேலைன்னாலும் துணைக்குப் போறது, நீர்மூழ்கிய தேடறதுன்னு எல்லாத்துக்கும் அனுப்புவாங்க, எடை 650 டன் சுமாருக்குத்தான்.

1942 நவம்பர் 11, ஆஸ்திரேலியாவோட ஃப்ரீமேன்டில்ல இருந்து ஒன்டினாங்கற டச்சு எண்ணெய் டேங்கருக்கு காவலா இந்தியப் பெருங்கடல்ல இருக்கற டியேகோ கார்சியா தீவு பக்கமா போயிட்டிருக்கும்போது கோகோஸ் தீவுக்கு தென்மேற்கே ரெண்டு பெரிய ஜப்பான் கப்பல்ங்க எதிர்ல வந்துருச்சு, ஹோகோகு மாரு, ஐகோகு மாரு, ரெண்டும் 10,000 டன்னுக்கு மேல. பெங்கால்ல இருந்த பெரிய பீரங்கியே ஒரு 12 பவுண்டர்தான் (12 பவுண்டு எடையுள்ள குண்டு சுடற சின்ன பீரங்கி), ஆனா கேப்டன் வில்சன் டேங்கர் தப்பிக்கட்டும்னு நேரா எதிரிய பாத்தே கப்பல விட்டாரு, எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒன்டினாவும் தன்கிட்ட இருந்த ஒரே பீரங்கிய வச்சு சுட்டுச்சு. ஹோகோகு மாருல குண்டு பட்டு தீப்பிடிச்சு, வெடிச்சு மூழ்கிருச்சு. யார் குண்டுங்கறதுல பெங்கால், ஒன்டினா ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடறாங்க, பின்பக்கம் டார்பிடோ இருந்த இடத்துல பட்டதுதான் காரணம்னு சொல்றாங்க.

குண்டு தீர்ற நிலைமையில பெங்கால் எதிரி பார்வைய மறைக்க புகைத்திரை போட்டு விலகுச்சு, அடி வாங்கியும் டியேகோ கார்சியா போய் சேந்துச்சு. ஒன்டினா கேப்டன் ஹோர்ஸ்மன் செத்துட்டாரு, மிச்ச ஆளுங்க படகுல இறங்குனப்போ அவங்க மேலயும் சுட்டாங்க, பாவம். எதிரி போனதும் திரும்ப ஏறி கப்பல ஃப்ரீமேன்டிலுக்கே ஓட்டிட்டு வந்துட்டாங்க. பெங்கால் சுதந்திரத்துக்கு அப்புறமும் இந்திய கடற்படையில இருந்துச்சு, 1960 வாக்குல உடைச்சிட்டாங்க.