சாம்பல் எவ்வளவு வாங்கிக்கொள்ளும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரச் சாம்பலில் கரியமில வாயுவைக் கல்லாக்கிச் சேமிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். படித்ததும் எங்கள் விறகடுப்புச் சாம்பலில் கொஞ்சம் எடுத்து வினிகர் ஊற்றினேன். புசுபுசுவென்று நுரைத்தது. அப்படியானால் அந்த வாயு ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? எரிக்கும்போது வெளியேறும் வாயுவை அதே சாம்பலில் அடைத்துவிட்டால், விறகு எரிப்பதால் காற்றுக்குக் கெடுதலே இல்லை என்று ஆகிவிடாதா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படித்ததோடு நிற்காமல் வினிகர் ஊற்றிப் பார்த்தீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆமாம், நுரைத்து வெளியே வந்தது கரியமில வாயுதான். மரத்தில் இருக்கும் கால்சியம் எரிந்து போவதில்லை, சாம்பலில் தங்கிவிடுகிறது. அடுப்புச் சூட்டில் அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே பொருளாக இருக்கும். 800, 900 டிகிரி செல்சியஸ் என்று சூடு ஏறினால்தான் அது வாயுவை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாக மாறும். பெரிய கொதிகலன்களில் அந்தச் சூடு உண்டு. எனவே வாயுவுக்காகப் பசித்துக் கிடப்பது கொதிகலன் சாம்பல். உங்கள் அடுப்புச் சாம்பல் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது.

அந்தப் பசியை நானும் ஒருமுறை பார்த்தேன். மரம் எரிக்கும் கொதிகலன் ஒன்றின் சாம்பலை மூன்று கிண்ணங்களில் வைத்தேன். முதலாவதில் தண்ணீரே விடவில்லை. இரண்டாவதைக் கையுறை போட்டுக்கொண்டு, பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு மட்டும் நனைத்தேன். மூன்றாவதைத் தண்ணீரில் மூழ்கடித்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், காய்ந்தது அப்படியே தூளாகக் கிடந்தது. மூழ்கியதன் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருந்தது, அடியில் பெரிய மாற்றமில்லை. நனைத்தது மட்டும் கட்டியாக இறுகிவிட்டது. உடைத்து வினிகர் விட்டால், முதல் நாள் லேசாகச் சலசலத்த அதே சாம்பல் இப்போது பொங்கி வழிந்தது.

காரணம் தண்ணீர்தான். கரியமில வாயு முதலில் ஈரத்தில் கரைய வேண்டும், கால்சியமும் கரைய வேண்டும், இரண்டும் சேர்ந்தால் கார்பனேட்டாகப் படியும். ஈரமே இல்லையென்றால் கரைய வழியில்லை. அதிகமானால் துளைகளெல்லாம் அடைபட்டு வாயு உள்ளே போக முடியாது. சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்து இறுகுவதும் இதே வேலைதான். படிந்த கார்பனேட் துகளைச் சுற்றி ஓடுபோல மூடிக்கொள்வதால், போகப்போக வேகமும் குறையும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அடைத்துவிட முடியாது. இதைத் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நினைப்பு பரவினால் கெடுதல். ஒரு டன் உலர்ந்த மரத்தில் பாதி கார்பன். எரித்தால் சுமார் 1,800 கிலோ கரியமில வாயு வரும். பட்டை நீக்கிய மரம் என்றால் சாம்பல் 10 கிலோகூடத் தேறாது; பத்து என்றே வைத்துக்கொள்வோம். அதில் 4 கிலோ சுட்ட சுண்ணாம்பு இருந்தால், ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 785 கிராம் வீதம், அது பிடித்து வைப்பது ஏறத்தாழ 3 கிலோ. வெளியேறிய 1,800 கிலோவில் 3 கிலோ! சாம்பலில் இதே போல வாயுவைப் பிடிக்கும் மக்னீசியத்தைச் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. உமியில் சாம்பல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் சிலிக்காதான், அதாவது மணலில் இருக்கும் பொருள். சிலிக்கா இந்த வாயுவைத் தொடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. திறந்த வெளியில் கொட்டிய சாம்பல் மழையிலும் காற்றிலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை வாங்கிக்கொள்ளும். அப்படித் தானாக நடந்திருக்கக்கூடியதையும் சேர்த்து 'நாங்கள் சேமித்தோம்' என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஈரம் எட்டாமல் குழியில் மூடிப் புதைக்கப்படும் சாம்பல் என்றால் அது வேறு கதை.

அப்புறம் ஏன் இதைப் பற்றி இவ்வளவு ஆசையாக எழுதினேன் என்று கேட்பீர்கள். பிடிபட்ட அந்த 3 கிலோ தீயிலோ அமிலத்திலோ அகப்படாதவரை கல்லாகவே இருக்கும், காவல் காக்க வேண்டியதில்லை. வாயுவைத் தனியாகப் பிரித்தெடுக்கும் செலவும் இல்லை. கொதிகலன் புகையையே ஈரச் சாம்பலுக்குள் செலுத்தலாம். காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான், புகையில் அது பத்து சதவீதத்துக்கு மேலும் இருக்கும். சாம்பலுக்கும் நல்லது. தோலை அரிக்கும் காரம் தணிகிறது, ஈயமும் துத்தநாகமும் தண்ணீரோடு கசிவது குறைகிறது. எல்லா உலோகத்துக்கும் இது பொருந்தாது, குரோமியம் போன்றவற்றைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும். சுவீடனில் மரச் சாம்பலை நனைத்து இறுகவைத்த பிறகு காட்டு மண்ணுக்கே திருப்பித் தருகிறார்கள். சத்துகள் சட்டென்று கரையாமல் மெதுவாக மண்ணில் இறங்கும். எப்படியும் எரிந்து முடிந்து, குவிந்து கிடக்கிற சாம்பலுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சாம்பலைக் காட்டி இன்னும் எரிக்கலாம் என்றால் நான் உடன்பட மாட்டேன்.

கொதிகலன் சாம்பல் கிடைத்தால் நீங்களும் மூன்று கிண்ணம் வைத்துப் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீர் பட்டதும் அது சூடேறும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. நனைத்த கிண்ணத்தை வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஈரம் காய்ந்தால் கொஞ்சம் தெளித்துவிடுங்கள். நான் கிளறவில்லை. கிளறினால் நுரை இன்னும் கூடுகிறதா என்று எழுதுங்கள்.