க்ளோஷர் எதைப் பிடித்து வைத்திருக்கிறது?

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் 0, 1, 2 என்று மூன்று சுற்று ஓடும் லூப். எண்ணும் வேரியபிளுக்கு 'வார்' போட்டிருந்தேன், உள்ளே, கொடுத்த ஃபங்ஷனைப் பிறகு ஓட்டும் செட்டைம்அவுட், அந்த ஃபங்ஷன் எண்ணை அச்சிடும். 0, 1, 2 வரும் என்று பார்த்தால் 3, 3, 3 வருகிறது. க்ளோஷர், அதாவது தனக்கு வெளியே இருக்கும் வேரியபிளைப் பயன்படுத்தும் ஃபங்ஷன், அதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்புறம், அப்படி வைத்துக்கொண்டே போனால் மெமரி எப்போது காலியாகும்?

பதில்: வைத்துக்கொள்கிறது, ஆனால் மதிப்பை இல்லை, வேரியபிளையே. நானும் இங்கேதான் வழுக்கி விழுந்தேன். 'வார்' போட்டால் லூப் முழுக்க ஒரே வேரியபிள்தான். மூன்று ஃபங்ஷன்களும் அதையே பார்த்துக்கொண்டு காத்திருக்கின்றன, அவற்றின் முறை வருவதற்குள் லூப் முடிந்து அதில் 3 உட்கார்ந்துவிடுகிறது. 2015-இல் வந்த 'லெட்' போட்டால் சுற்றுக்கு ஒரு புது வேரியபிள், பிரச்சினை தீர்ந்தது. கோ மொழியிலும் இதே தொல்லை இருந்தது, 2024-இல் 1.22 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். ஜாவா இந்த வம்பே வேண்டாமென்று மதிப்பை நகலெடுத்துக்கொள்கிறது, அதனால்தான் மாறக்கூடிய உள்ளூர் வேரியபிளை லாம்டாவுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) விடுவதில்லை.

சரி, மெமரி. க்ளோஷர் தொட்ட வேரியபிள், அதை உருவாக்கிய ஃபங்ஷன் முடிந்தாலும் ஹீப் என்ற மெமரிப் பகுதியில் இருக்கும், அந்த க்ளோஷரை யாரும் பிடித்திருக்காதபோதுதான், தேவையற்ற மெமரியைக் காலிசெய்யும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துப்போகும். இதுவரை நியாயம்தான். ஆனால் க்ரோமில் ஓடும் வி8 எஞ்சினில் ஒரே ஸ்கோப்பில் (ஒரே ஃபங்ஷன் அல்லது அடைப்புக்குள்) பிறந்த க்ளோஷர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பெட்டிதான், அதற்கு கான்டெக்ஸ்ட் என்று பெயர். ஒரு பெரிய அர்ரேயைப் பயன்படுத்திய க்ளோஷர் எப்போதோ போய்விட்டது என்று வையுங்கள், அந்த அர்ரேயின் பெயரைக்கூட உச்சரிக்காத இன்னொரு க்ளோஷர் ஏதோ ஒரு பட்டனின் கிளிக் ஹேண்ட்லராக (கிளிக் செய்தால் ஓடும் ஃபங்ஷன்) உயிரோடிருந்தால் போதும், பெட்டியும் போகாது, உள்ளே இருக்கும் அர்ரேயும் போகாது. புரோகிராமை எத்தனை முறை வாசித்தாலும் இது கண்ணில் படாது.

க்ரோமுக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸில் ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து மெமரியின் படம்) எடுத்து, வீங்கியிருக்கும் அர்ரேயைத் தேர்ந்தெடுத்து, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ரீடெய்னர்ஸ் பகுதியைப் பாருங்கள். அங்கே கான்டெக்ஸ்ட் என்ற சொல் தெரிந்தால் ஆள் இவர்தான். வேலை முடிந்ததும் அந்த வேரியபிளில் 'நல்' வைத்துவிடலாம், ஆனால் ஹேண்ட்லரை, இந்தப் பெட்டியோடு ஒட்டாதபடி, வெளியே தனியாக இருக்கும் வேறொரு ஃபங்ஷனுக்குள் உருவாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் 'நல்' வைக்க என்றாவது ஒருநாள் மறந்துவிடுவோம்.