ப்ளைட் பள்ளத்தாக்கு: செப்டம்பரா, ஏப்ரலா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருடம் ஆகிறது. ப்ளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் அங்குள்ள அருவிகளையும் காரில் போய்ப் பார்க்க ஆசை. செப்டம்பர் 24 மரபு நாள் விடுமுறையோடு சேர்த்து இரண்டு ராத்திரி தங்கினால் போதும் என்கிறார் என் கணவர். எனக்கு முழங்கால் வலி உண்டு. புரட்டாசி என்பதால் சைவம் வேறு. சரியாக வருமா?

பதில்: முடிந்தால் செப்டம்பரைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரான கிராஸ்கோப் பகுதியில் மழை பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். செப்டம்பரில் ஆறுகள் மெலிந்து கிடக்கும். 94 மீட்டர் உயர லிஸ்பன் அருவி அப்போது பாறையில் ஒட்டிக்கொண்டு இறங்கும் சில வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். போதாக்குறைக்குப் புல்வெளித் தீ மூட்டும் புகை அந்த மாதங்களில் மலைக்குக் கிழக்கே கீழே விரியும் தாழ்நிலம் முழுக்கப் படிந்திருக்கும். அருவியும் இல்லை, தூரத்துக் காட்சியும் இல்லை.

அப்படியானால் ஜனவரியில் போகலாமா என்று கேட்பீர்கள். அருவிகள் அப்போது கொட்டித் தீர்க்கும், உண்மைதான். ஆனால் இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தாழ்நிலத்தைக் கடந்து மலைச்சுவரில் மோதி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். அந்தச் சுவரின் விளிம்பில்தான் ‘காட்ஸ் விண்டோ’ என்ற காட்சிமுனை இருக்கிறது. கட்டணம் கட்டி, படியேறி, வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கே கோடையான அந்த மாதங்களில் நிறைய.

இரண்டுக்கும் நடுவே ஏப்ரல், மே முதல் பாதி. மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இன்னும் இருக்கும், வானமும் தெளியத் தொடங்கும். புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிறவர்களாக இருந்தால், அதை முடித்துக்கொண்டு ஈஸ்டர் கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள். ஏப்ரல் 27, மே 1 விடுமுறைகளை ஒட்டிய நாட்களும் வேண்டாம்.

அடுத்தது நாள் கணக்கு. டர்பனிலிருந்து கிராஸ்கோப் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லாரிகளும் சாலைக் குழிகளும் சேர்ந்து போக ஒரு நாள், வர ஒரு நாளைத் தின்றுவிடும். எனவே குறைந்தது மூன்று ராத்திரி. இருட்டிய பின் ஓட்ட வேண்டாம். மாடுகள் சாலையில் நிற்கும், மேட்டுப்பகுதியில் பனி திடீரென்று இறங்கும்.

பார்க்கும் வரிசையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காட்ஸ் விண்டோ கிழக்கே பார்த்தது. காலையில் எழுந்ததும் வானத்தைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் முதலில் அங்கே. மேகமாக இருந்தால் லிஸ்பன், பெர்லின் அருவிகளைப் பார்த்துவிட்டு, வெளுத்த பிறகு திரும்பி வாருங்கள். வட்டக் குடிசை வடிவில் நிற்கும் ‘த்ரீ ரொண்டாவல்ஸ்’ மலைகளைப் பிற்பகலில்தான் பார்க்க வேண்டும். காலையில் வெயில் அவற்றின் பின்னால் இருப்பதால் கருத்துத் தெரியும். மூன்று மணிக்கு மேல் அதே பாறை செந்நிறமாகும்.

நடுவில் வரும் ‘போர்க்ஸ் லக் பாத்ஹோல்ஸ்’ என்ற பாறைக் குழிகள் கிராஸ்கோப்பிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே. அங்கே அவசரப்படாதீர்கள். ட்ரூர் ஆறும் ப்ளைட் ஆறும் சேரும் இடத்தில் தண்ணீர் சுழலாகச் சுற்றுகிறது. அதில் மாட்டிய கற்களும் மணலும் காலங்காலமாகச் சுழன்று பாறையை உரல் போலக் குடைந்திருக்கின்றன. பாலத்தில் நின்று குனிந்தால் குழியின் சுவரில் வளையம் வளையமாகத் தேய்ந்த தடமும், அடியில் உருண்டையாகிக் கிடக்கும் கூழாங்கற்களும் தெரியும். என் கணக்கில் முழுப் பயணத்திலும் இதுதான் முதலிடம். தண்ணீர் குறைந்தால் குழிகள் இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே உங்கள் கணவருக்குச் செப்டம்பரில் மட்டும்தான் லீவு என்றால், அருவியை மறந்துவிட்டு இதற்காகவே போகலாம்.

முழங்காலைப் பற்றி. லிஸ்பன், பெர்லின் இரண்டிலும் கார் நிற்கும் இடத்திலிருந்து அதிகம் நடக்க வேண்டியதில்லை. த்ரீ ரொண்டாவல்ஸும் சிறு நடைதான். குழிகளுக்குப் பாதை போட்டிருக்கிறார்கள், நிதானமாகப் போய்வரலாம். காட்ஸ் விண்டோவின் மேல்பகுதி மழைக்காட்டுக்கு ஏறும் படிகளையும் மாக்-மாக் அருவியின் படிகளையும் உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

த்ரீ ரொண்டாவல்ஸ் காட்சிமுனையிலிருந்து பார்க்கும்போது கீழே அணை நீலமாகத் தெரியும், படகும் தெரியலாம். உடனே இறங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஏபல் எராஸ்மஸ் கணவாய் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அந்தத் தாழ்நிலம் மலேரியா பகுதி என்பதால் முன்கூட்டியே டாக்டரிடம் மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். கிராஸ்கோப் பான்கேக்குக்குப் பேர்போன ஊர். சைவத்தில் கீரை, காளான், சீஸ் என்று கிடைக்கும், மாவில் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் வீட்டு மசாலாவும் பருப்பும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நுழைவுக் கட்டணம் தனித்தனி; சில்லறை ராண்டு கையில் இருக்கட்டும். பையைக் காரில் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.