கேம் ஆடுகிறவன் கேம் செய்வானா?

"என் மகனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீடியோ கேம்தான். இப்போது கல்லூரி மூன்றாம் ஆண்டு. யாரிடமும் வேலைக்குப் போக மாட்டேன், தனியாகவே கேம் செய்து விற்கப் போகிறேன் என்கிறான். விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. படிப்பை விட்டுவிடுவானோ என்று ஒரு பயம். ஆடிக்கொண்டே இருக்க இது ஒரு சாக்கோ என்று இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம்: படிப்பை விடவே வேண்டாம். இரண்டாவதைச் சோதித்துத்தான் பார்க்கணும்.

அவனுக்குப் பிடித்த கேமைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் ஏதாவது ஒரு அசைவு, ஒரு குதி, ஒரு அடி, ஏன் நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். நிறைய பேர் "கிராஃபிக்ஸ் சூப்பர்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். என்னிடம் வந்த ஒரு பையன், கேமில் வரும் கதாபாத்திரத்தின் கால் பாறை விளிம்பைத் தாண்டிக் காற்றுக்கு வந்த பிறகு பட்டனை அழுத்திக் காட்டினான். அப்போதும் பாத்திரம் குதித்தது. "விழுந்திருக்கணும் சார், ஆனா விடமாட்டேங்குது" என்றான். நிஜமாகவே அப்படித்தான் செய்து வைத்திருப்பார்கள். வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில், விளிம்பைத் தாண்டியும் ஐந்தாறு ஃபிரேம் வரை குதிக்க அனுமதி உண்டு. பத்தில் ஒரு வினாடிதான். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, குனிந்து பார்த்த பிறகுதான் விழும் கயோட்டி என்ற ஓநாய் மாதிரிப் பிராணி வருமே, அதை வைத்து இதற்குக் கயோட்டி டைம் என்று பெயர். ஆடுகிறவருக்கு இது தெரியாது, கேம் தன் பேச்சைக் கேட்கிறது என்று மட்டும் தோன்றும். பெயர் தெரியாமலேயே அந்தப் பையன் அதைப் பிடித்துவிட்டான். இருபது வருடம் ஆடியும் இதைக் கவனிக்காதவர்கள் உண்டு. உங்கள் மகன் இப்படி ஏதாவது ஒன்றைக் காட்டினால், அத்தனை வருடம் ஆடியது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது என்ன செய்யப் போகிறான் என்று கேளுங்கள். பெரிய உலகம், ஆன்லைனில் நண்பர்கள், அறுபது மணி நேரக் கதை என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதெல்லாம் நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உழைத்துச் செய்வது. முதல் கேமுக்கு ஒரே திரை, ஒரே பட்டன், ஒரு மாதம் போதும். ஆனால் முடித்திருக்க வேண்டும். தொடக்கத் திரை, சத்தம், நடுவில் நிறுத்தும் வசதி, தோற்றால் மறுபடி ஆரம்பிக்கும் வழி, வேறொருவர் கணினியிலும் ஓடுவது, எல்லாம் சேர்ந்துதான் "முடிந்தது". இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஆள் காணாமல் போவார். பாதியில் நிற்கும் பத்து கேம் வைத்திருப்பவரை எனக்கு நிறையத் தெரியும்.

முடித்துப் பழக கேம் ஜாம், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்ச்சி, நல்ல இடம். லூடம் டேர் 2002-லிருந்து நடக்கிறது, தனியாளாக 48 மணி நேரத்தில் செய்து காட்டும் பிரிவு அதில் உண்டு. 2018-ல் வந்து பெயர் வாங்கிய செலஸ்ட் முதலில் இரண்டு பேர் நான்கே நாளில் செய்த சின்ன கேம்.

கருவியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். கேம் செய்ய உதவும் மென்பொருளை இன்ஜின் என்பார்கள். கோடோ என்ற இன்ஜின் இலவசம், பின்னால் வருமானத்தில் பங்கும் கேட்காது. யூனிட்டி என்ற இன்னொன்றில் சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழியில் எழுத வேண்டும். 2023-ல் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, மறு வருடம் அதைக் கைவிட்டது. அதனால் ஒரே இன்ஜினை நம்பி உட்காராமல் புரோகிராமிங்கைச் சரியாகக் கற்றுக்கொள்ளட்டும். அவன் படிக்கும் வெக்டர் கணக்கும் டேட்டா ஸ்ட்ரக்சரும் இங்கே தினமும் கைகொடுக்கும். தனியார் கேம் டிசைன் கோர்ஸில் பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்தவர்கள் முடித்து வெளியிட்ட கேம்களைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பணம். அவன் உங்களிடம் நிச்சயம் ஸ்டார்டியூ வேலியைச் சொல்லியிருப்பான். எரிக் பரோன் ஒற்றை ஆளாகச் செய்து 2016-ல் வெளியிட்டு, கோடிக்கணக்கில் விற்ற கேம். உண்மைதான். ஆனால் அதற்கு முன் சுமார் நாலரை வருடம் போனது. இடையில் ஓர் அரங்கில் வருபவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார், கூட இருந்த காதலியின் சம்பளமும் தாங்கியது. உங்கள் வீட்டில் அந்த நாலரை வருடத்தை யார் தாங்குவது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

விற்கும் இடத்தையும் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடை. அதில் ஒரு கேமை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்றதில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு. 2024-ல் மட்டும் அங்கே 18,000-க்கு மேல் புது கேம்கள் வந்தன. வாங்கியவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பிப் போய்விடும். முதல் பத்து நிமிடம் சப்பென்று இருந்தால் அவ்வளவுதான். கேம் முடிந்த பிறகு விளம்பரத்தை யோசிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். பல மாதம் முன்பே ஸ்டீம் பக்கத்தைத் திறந்து விஷ்லிஸ்ட், அதாவது வாங்க நினைப்பவர்கள் குறித்து வைக்கும் பட்டியல், சேர்க்க வேண்டும், டெமோ கொடுக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது இது: பட்டம் முடியட்டும். அதற்குள் மூன்று சின்ன கேம் முடித்து, சின்ன கேம்களை யாரும் வெளியிடக்கூடிய இட்ச் என்ற இணையதளத்தில் இலவசமாகப் போடட்டும். அப்புறம் சம்பளம் வரும் வேலை. கேம் கம்பெனியில் டெஸ்டிங்கோ புரோகிராமிங்கோ கிடைத்தால் நல்லது, சாதாரண மென்பொருள் வேலையானாலும் சரி. மாலை நேரம் சொந்தக் கேமுக்கு. ஒரு கேமாவது விற்றுக் காசு வந்த பிறகு வேலையை விடுவதைப் பேசலாம்.

ஒரு வேலை உங்களுக்கும் இருக்கிறது. அவன் முதல் கேமை முடித்ததும் முதலில் நீங்கள் ஆடுங்கள். கேம் பழக்கமே இல்லாத உங்களைப் போன்ற ஆள் கிடைப்பது அரிது. ஒரு நிபந்தனை: நீங்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவன் பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம், ஆனால் "அந்த பட்டனை அழுத்தும்மா" என்று ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது.