மிடசோலாம் போட்டால் ரத்தம் உறையாதா? மயக்கவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றம் தணிய மிடசோலாம் ஊசி போடுவார்களாம். அதனால் ரத்தம் உறையாமல் போய்விடுமா?

போகாது. ஆய்வகக் குழாயில் ரத்தத்தோடு அதிக அளவில் கலந்தால், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டுவது குறைவது உண்மைதான். ஆனால் பயம் போக நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிகிராம். அது உடம்பெங்கும் பரவியபின் ரத்தத்தில் மிஞ்சுவது மிகக் குறைவு.

என்னைக் கேட்டால், உறைதலை மருந்தைவிட அதிகமாக மாற்றுவது பயம்தான். பயந்தவுடன் அட்ரினலின் பொங்கும். அது தட்டணுக்களை உசுப்பும். மண்ணீரலைச் சுருங்கவைத்து அங்கே தங்கியிருப்பவற்றையும் வெளியே தள்ளும். ரத்தம் உறைய உதவும் புரதங்களான எட்டாம் உறைகாரணியையும் வான் வில்பிராண்ட் காரணியையும் கூட்டும். அடிபட்டால் ரத்தம் சட்டென்று நிற்கட்டும் என்று உடம்பு செய்துவைத்த ஏற்பாடு.

கேள்வி: அப்படியானால் பயத்தோடேயே போவது நல்லது இல்லையா?

அதுவும் இல்லை! பயத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் வெட்டிய இடத்தில் கசிவு கூடும். கூடவே, உறையக்கூடாத இடத்தில் உறையும் வாய்ப்பும் இருக்கிறது. அதற்காக ஒரு மிடசோலாம் ஊசி போட்டால் காலில் ரத்தக்கட்டி வராது என்று நினைத்துவிட வேண்டாம். திசுக் காயமும் படுக்கையில் அசையாமல் கிடப்பதும்தான் அங்கே பெரிய காரணங்கள். சீக்கிரம் எழுந்து நடப்பது அதிகம் உதவும்.

கேள்வி: என் மகள் ஊசியைக் கண்டாலே அலறுவாள். அழுதுகொண்டே எடுத்த ரத்தப் பரிசோதனை சரியாக இருக்குமா?

நல்ல கேள்வி. லேசான வான் வில்பிராண்ட் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அழுகையில் அந்தக் காரணி தற்காலிகமாக ஏறி, முடிவு சாதாரணம் போலக் காட்டலாம். அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிந்தால், சுலபமாகக் கன்றிப்போனால், அமைதியான ஒரு நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் பதற்றம் தணிய அல்பிரசோலாம் மாத்திரை, காலையில் ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். எதை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அல்பிரசோலாமைத் திடீரென்று விட்டால் நடுக்கம், வலிப்புகூட வரலாம்; ரத்தக் கசிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆஸ்பிரின் கதை வேறு. அது தொட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் நிறுத்துவதே ஆபத்தாகலாம். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். அப்புறம், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் தட்டணுக்களைக் கொஞ்சம் மந்தமாக்கும். அவற்றைச் சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.